பழைய வீட்டு வயரிங்: நாமே சோதிப்பது எப்படி, ஆளை வைத்து மாற்றுவது எப்படி

தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள எங்கள் வீடு 1986இல் கட்டியது. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு எப்போதும் கிடக்கும். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கென்றே அம்மா போட்டு வைத்த செருப்பு அது. வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். உறவினர் யாராவது வந்தால், “செருப்பை மாட்டிக்கொண்டு திறங்கள்” என்று அம்மா சொல்வார். யாருக்கும் அது விபரீதமாகத் தோன்றியதில்லை. இடையில் ஒருமுறை ஃப்ரிட்ஜையே மாற்றினோம், புதியதும் இழுத்தது. ஒரு கார்த்திகை அடைமழையில், சமையலறைத் தரை ஈரமாக இருந்த காலை நேரத்தில், அந்தச் ‘சுர்’ அம்மாவின் தோள்வரை ஏறியது. அன்றுதான் முதன்முறையாக மெயின் போர்டின் முன்னால் டார்ச்சோடு நின்றேன்.

அந்த வீட்டை முழுவதுமாக மாற்றி வயரிங் செய்தபோது கற்றவற்றை வரிசையாக எழுதுகிறேன். இருபது இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன்பு ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிக்கொள்ள வீட்டுக்காரருக்கு விதி இடம் தருகிறது. புதிய லைன் இழுப்பதும், இருப்பதை மாற்றியமைப்பதும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் வேலை. தமிழ்நாட்டில் அந்த உரிமத்தையும் வயர்மேன் தகுதிச் சான்றிதழையும் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. பார்ப்பதும், கணக்குப் போடுவதும், சரியான கேள்வியைக் கேட்பதும் நம்முடைய பங்கு. அதைச் செய்யாமல் விட்டால் வருகிறவர் செய்ததுதான் வேலை என்றாகிவிடும்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். அறை அறையாகப் போய் ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அதில் கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளக் பாயிண்டின் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா? உள்ளே இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். போர்டின் மேல் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலும் இதே கதைதான். மூக்கையும் நம்புங்கள். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை சில வேளைகளில் அழுகிய மீன் வாடை போலவே இருக்கும். மீன் சமைக்காத நாளில் அந்த வாடை வந்தால், முதலில் அந்த லைனை அணைத்துவிட்டுப் பிறகு தேடுங்கள். சுவிட்சைப் போடும்போது சடசடவென்ற சத்தம் வந்தால் அதன் முனைகள் தேய்ந்துவிட்டன.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் சற்று நில்லுங்கள். அணைத்த எல்.இ.டி. விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறதா? சுவிட்சில் சிறிய சிவப்பு விளக்கு இருந்தால் அதனால் இருக்கலாம். அப்படி இல்லையென்றால், சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கக் கூடும். அந்த நிலையில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் முழு மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றும்போது ஷாக் அடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளியே வந்தால் துணி காயவைக்கும் கொடியைப் பாருங்கள். இரும்புக் கம்பியில் கொடி கட்டி, அதன் ஒரு முனையைச் சர்வீஸ் வயரைத் தாங்கும் இரும்புக் குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ முடிந்திருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். ஈரத்துணி போடப் போன இடத்தில் உயிர் போன செய்தி மழைக்காலம்தோறும் வருகிறது. நைலான் கயிறு போதும். கம்பி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக மீட்டர். எல்லாப் பிளக்குகளையும் உருவி, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மீட்டரில் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னினால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பல மின்னணு மீட்டர்களில் எர்த் கசிவை, அதாவது மண்ணுக்குப் போகும் கசிவை, காட்டத் தனி விளக்கும் இருக்கும்.

சுமைக் கணக்கு

1986இல் எங்கள் வீட்டில் ஆறு குழல் விளக்கு, நான்கு ஃபேன், ஒரு மிக்ஸி, ஒரு ரேடியோ. வயரிங் அந்தக் கணக்குக்குப் போட்டது. இன்றைய காலை ஏழு மணியை எடுத்துக்கொள்வோம். கீசர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, மிக்ஸி 750, தண்ணீர் மோட்டார் 1,000, ஃப்ரிட்ஜ் 200, மூன்று ஃபேன் 225. மொத்தம் 6,175 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 27 ஆம்பியர். ஏ.சி. இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இந்த 27 ஆம்பியரும் மீட்டரிலிருந்து உள்ளே வரும் ஒரே ஜோடிக் கம்பியில் ஓடுகிறது. எங்கள் வீட்டில் அது மெல்லிய அலுமினியக் கம்பி.

உங்கள் வீட்டுக்கும் இதேபோல ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் வாட் அளவு அச்சிட்டிருக்கும். ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றை மட்டும் கூட்டுங்கள். அடுத்த ஐந்து ஆண்டில் வாங்கப்போகும் ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் ஆகியவற்றையும் சேருங்கள். வருகிற தொகை மின்வாரியத்தில் பதிவான சுமையைவிட அதிகமாக இருந்தால், கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் உள்வேலையைத் தொடங்க வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மும்முனை இணைப்பு தேவைப்படும். அப்போது உள்ளே போடும் டி.பி. பெட்டியே (மின்சாரத்தை அறைகளுக்குத் தனித்தனி லைனாகப் பிரிக்கும் பெட்டி) வேறு. வேலையை முடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் இரண்டு செலவு.

மெயின் போர்டில் என்ன இருக்கிறது

மூடியைத் திறந்து பார்க்கலாம். கை வைக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேலே மீட்டர்வரை மின்சாரம் உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு பாதி வீட்டுக்கு 230 வோல்ட் கொடுக்கும். வேலை செய்பவர்கள் இதை மறந்து அடிபடுகிறார்கள். இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் அணைத்து, உள்ளீட்டுப் பிளக்கையும் உருவிய பிறகே வீடு உண்மையில் அணைந்ததாகக் கொள்ள வேண்டும். மீட்டரும் அதற்கு முந்தைய ஃபியூஸும் வாரியத்தின் சொத்து, முத்திரையைத் தொடாதீர்கள். அந்தப் பக்கம் தீப்பொறியோ கருகலோ கண்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பீங்கான் கிட்காட் ஃபியூஸ்கள் இருந்தால் அவற்றில் என்ன கம்பி சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகச் செப்பு வயரின் நான்கு இழைகளை முறுக்கிப் போட்டிருந்தார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று யாரோ எப்போதோ செய்த உபகாரம். அந்தக் கம்பி உருகுவதற்குள் சுவருக்குள் இருக்கும் வயர் உருகிவிடும்.

ஃபியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுந்து அணையும் சுவிட்ச்) இருந்தால், அதன் மேல் எழுதிய எண்ணையும் அதிலிருந்து கிளம்பும் வயரின் பருமனையும் ஒப்பிட வேண்டும். எம்.சி.பி. காப்பது வயரைத்தான். 1.5 ஸ்கொயர் எம்.எம். வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 அல்லது 25, 6க்கு 32 என்பது வீடுகளில் வழக்கமாகப் பின்பற்றும் பொருத்தம். அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டியிருந்தால் அதுவும் அந்த முறுக்கிய செப்புக் கம்பி மாதிரிதான்.

வயர்மேனை அழைத்து எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருபவரை நம்பி முடிவெடுக்காதீர்கள். டெஸ்டர் ஒளிர்வதால் ஃபேஸ் இருப்பது தெரியும். நியூட்ரல் அறுந்ததோ எர்த் இல்லாததோ தெரியாது. மல்டிமீட்டரும், வயரின் காப்புறையைச் சோதிக்கும் மெக்கரும் கொண்டு வரச் சொல்லுங்கள். ‘மெக்கர் வைத்துப் பார்ப்பீர்களா?’ என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். பதிலைக் கேட்டாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

முதல் அளவு, வயரின் காப்புறை. எல்லாக் கருவிகளையும் பல்புகளையும் கழற்றிவிட்டு, மெயினை அணைத்து, மெக்கரில் 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு லைனிலும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. நல்ல புது வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வரும். எங்கள் சமையலறை லைனில் 0.2 வந்தது.

இரண்டாவது அளவு, ஒவ்வொரு மூன்று துளைப் பாயிண்டிலும் வோல்ட்டேஜ். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருக்கலாம். இங்கே ஒரு மோசடியைக் கவனியுங்கள். எர்த் கம்பியே வராத பாயிண்டில், நியூட்ரலிலிருந்து ஒரு சிறு துண்டு வயரை எர்த் துளைக்குக் கொடுத்து ‘எர்த் போட்டாயிற்று’ என்று சொல்பவர்கள் உண்டு. விளக்கு எரிந்து காட்டும் சோதனைப் பிளக்கும் அதைச் சரி என்றே காட்டும். ஆனால் என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், கருவியின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு. அந்தப் பாயிண்டிலேயே இஸ்திரிப் பெட்டி போன்ற பெரிய சுமையை ஓடவிட்டும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அசையாமல் பூஜ்யம் காட்டினால் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது அளவு, வீட்டின் எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் எர்த் குழி. எங்கள் எர்த் குழி கொல்லையில் துளசி மாடத்துக்குப் பின்னால் இருந்தது. மண்ணைக் கொஞ்சம் தோண்டியதும் ஜி.ஐ. கம்பி கையோடு வந்துவிட்டது. மண்மட்டத்தில் துருவேறி எப்போதோ அறுந்திருக்கிறது. அங்கேதான் ஃப்ரிட்ஜின் மர்மம் விளங்கியது. வீட்டின் எல்லா மூன்று முனைப் பாயிண்டுகளின் எர்த்தும் ஒரே கம்பியில் சேர்கின்றன. அந்தக் கம்பி மண்ணுக்குப் போகாவிட்டால், ஒரு கருவியில் கசியும் மின்சாரம் மற்ற எல்லாக் கருவிகளின் உடம்புக்கும் போய் நிற்கும். கசிந்தது குளியலறைக் கீசர். இழுத்தது சமையலறை ஃப்ரிட்ஜ். காலையில் மட்டும் அதிகமாக இழுத்ததற்கும் காரணம் அதுதான். கீசர் ஓடுவது காலையில்தானே. கீசரை அணைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும் என்று அப்பா அந்தக் காலத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லி வந்தார். அந்த ஒரு கண்டிப்பு இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எர்த் குழியின் மின்தடையை அதற்கான கருவியில் அளப்பார்கள். வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருப்பதைக் குறியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.சி.சி.பி.: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

பணம் குறைவாக இருந்தால் மாடுலர் சுவிட்சுகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். எர்த்தையும், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் தள்ளாதீர்கள்.

16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 16 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் கோபம் வரும். மனித உடலில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே உயிர் போகலாம். ஆகவே எம்.சி.பி. மனிதரைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்சாரத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எர்த்தும் சரியாக இருந்தால், கருவி கசியத் தொடங்கியபோதே, யாரும் தொடுவதற்கு முன்பே அது விழும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள். அவை மனிதரைக் காக்கப் போதாது.

இதை மாட்டிய முதல் வாரத்தில் அடிக்கடி விழும். எங்கள் வீட்டிலும் விழுந்தது. வேலை செய்தவர் சொன்ன தீர்வு: “சார், இதைப் பைபாஸ் செய்துவிடலாம். தொல்லை இருக்காது.” எத்தனையோ வீடுகளில் ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாத நிலை இப்படித்தான் வருகிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் தேடியதில் காரணம் கிடைத்தது. இன்வெர்ட்டர் லைனின் ஃபேஸ் ஆர்.சி.சி.பி.க்கு வெளியே தனியாகப் போய், அதன் நியூட்ரல் மட்டும் ஆர்.சி.சி.பி.க்குப் பிந்தைய பொது நியூட்ரலோடு கலந்திருந்தது. போனது ஒரு வழி, திரும்பியது வேறு வழி, ஆர்.சி.சி.பி.யின் கணக்கு எப்படிச் சரியாகும்? இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்து, அதற்கென்று தனியாக ஓர் ஆர்.சி.சி.பி. போட்டதும் தொல்லை நின்றது.

அடிக்கடி விழுந்தால் தேடும் முறை இது: எல்லா எம்.சி.பி.க்களையும் அணைத்துவிட்டு, ஆர்.சி.சி.பி.யை மட்டும் மேலே தூக்கி ஆன் செய்து, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனின் பிளக்குகளை உருவி, ஒவ்வொரு கருவியாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கீசர், கிரைண்டர், பழைய மோட்டார் ஆகியவற்றில் ஒன்று சிக்கும்.

எதை மாற்றுவது, எந்த வரிசையில்

மரச்சட்டத்தில் கிளிப் அடித்துப் போட்ட பழைய வயரிங், அலுமினியக் கம்பி, தொட்டால் நொறுங்கும் உறை, மெக்கரில் தோற்ற லைன் ஆகியவற்றை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சில ஆண்டுகளில் தளர்ந்து சூடேறும். சுவருக்குள் நல்ல பி.வி.சி. பைப் இருந்தால் சுவரை இடிக்காமலேயே பழைய வயரை உருவிப் புதியதை இழுத்துவிடலாம். செலவில் பெரும்பகுதி வயருக்காகச் சுவரில் காடி வெட்டிப் பூசுவதில்தான் போகும் என்பதால், பைப் நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் ஓர் அறையில் சோதித்துப் பார்த்த பிறகே மதிப்பீடு கேளுங்கள்.

ஒரேயடியாகச் செய்ய முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் எர்த் குழி. அடுத்து டி.பி. பெட்டி, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. பிறகு மீட்டரிலிருந்து டி.பி.வரை வரும் மெயின் வயர். அதற்குப் பின் சமையலறையும் குளியலறையும். படுக்கையறை விளக்குகள் கடைசி.

கீசர், ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் டி.பி.யிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். வயர், இரு கம்பியையும் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்ச். கீசர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கும் தனி லைன் கொடுங்கள். மற்ற 16 ஆம்பியர் பாயிண்டுகளுக்கு 2.5, விளக்கு, ஃபேனுக்கு 1.5. பழைய ஆட்கள் வயரின் பருமனை 1/18, 3/20, 7/20 என்று கணக்குச் சொல்வார்கள். மதிப்பீட்டில் ஸ்கொயர் எம்.எம். கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வயரை நீங்களே வாங்குங்கள். ஒரு சுருள் வழக்கமாக 90 மீட்டர் வரும். ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வயரின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று நிறம் பிரித்து வாங்குங்கள். மிச்சமிருந்த சிவப்பை நியூட்ரலுக்குப் போட்டு முடிப்பது நடக்கும், அனுமதிக்காதீர்கள். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அந்த நிறத்தை நம்பிக் கை வைப்பார்.

வேலை நடக்கும்போது

பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது நம் ஊர் வழக்கம். அதில் ஆளுக்கு வேகம்தான் லாபம். அதனால் மூன்று இடங்களில் நீங்கள் நிற்க வேண்டும். பைப்புக்குள் வயரைத் திணிக்கும்போது: இழுக்கவே முடியாத அளவு நிரப்பினால் சூடு வெளியேறாது. இணைப்புகள் போடும்போது: பைப்புக்கு நடுவே இணைப்பு இருக்கவே கூடாது, போர்டிலோ ஜங்ஷன் பாக்ஸிலோதான் இருக்கலாம். டி.பி.யில் முடுக்கும்போது: எம்.சி.பி.க்குள் போகும் இழை வயருக்கு முனையில் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) போட்டு முடுக்க வேண்டும். இழைகள் சிதறி வெளியே நிற்கக் கூடாது.

காடியைப் பூசி மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் புகைப்படம் எடுங்கள். பின்னால் ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், மேலே சொன்ன மூன்று அளவுகளையும் மறுபடி எடுக்கச் சொல்லித் தாளில் எழுதி வாங்குங்கள். எங்கள் சமையலறை லைன் இந்த முறை 100 மெகா ஓமைத் தாண்டியது. எந்த எம்.சி.பி. எந்த இடத்துக்கு என்று தமிழில் எழுதி டி.பி. மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து, எதை எப்படி அணைப்பது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் முதலில் கற்றுக்கொண்டார்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றே மாற்ற வேண்டும். பெரிய சோதனைக்கு நாங்கள் ஆயுத பூஜையை வைத்திருக்கிறோம். அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. பூஜைக்கு முந்தைய நாள் வயர்மேன் வந்து மெயினை அணைத்து, டி.பி.யின் திருகுகளை முடுக்கி, எர்த் அளவை எடுத்துப் பழைய அளவுக்குக் கீழே எழுதிவிட்டுப் போவார். மறுநாள் அம்மா டி.பி. மூடியில் சந்தனம் குங்குமம் வைப்பார். துளசி மாடத்துக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை; கோடையில் அது வாரம் ஒருமுறை.